வேலையை விடலாமா? உடல் சொல்வதும் குறிப்பேடு சொல்வதும்

ஆசிரியர் தினத்துக்கு முந்திய நாள், சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்குப் பழைய மாணவர்கள் வந்துபோகும் நாள். பூங்கொத்து, வாழ்த்து அட்டை, கேக் என்று ஏதாவது ஒன்றோடு வருவார்கள். இவ்வாண்டு வந்தவர்களில் ஒருவன் கையில் எதுவும் இல்லை. கண்கள் சிவந்திருந்தன. சாங்கி விமான நிலையத்தில் இரவு வேலை முடித்து, தானா மேராவில் ரயில் மாறி, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கு வந்திருந்தான்.

உயர்நிலை நான்கில் என்னிடம் வேதியியல் படித்தவன். பிறகு பலதுறைத் தொழிற்கல்லூரியில் விமானத் துறை சார்ந்த பட்டயப் படிப்பை முடித்தான். இப்போது விமானங்களில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் இருக்கிறான். பள்ளி உணவகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து தேநீரை ஆறவிட்டுக்கொண்டே இருந்தவன், கடைசியில் கேட்டான்.

"டீச்சர், வேலைய விட்டுடலாம்னு இருக்கேன். வீட்ல எல்லாரும் திட்டுறாங்க. நான் சோம்பேறியா, இல்ல உண்மையிலேயே உடம்புல ஏதாவது கோளாறா?"

இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. பத்து ஆண்டுகளுக்கு முன் நானே என்னைக் கேட்டுக்கொண்டதுதான். ஆசிரியர் ஆவதற்கு முன்பு, சாங்கியில் விமானச் சரக்குகளைக் கையாளும் ஒரு நிறுவனத்தில் மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரவு எட்டு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலை. ஊர் முழுவதும் வேலைக்குப் போகும் நேரத்தில் நான் எதிர்த்திசை ரயிலில் வீடு திரும்புவேன். ஞாயிறு மாலை ஆனால் போதும், வயிறு பிசையத் தொடங்கிவிடும். பலதுறை மருந்தகத்தில் எல்லாச் சோதனைகளும் செய்தார்கள். எதுவும் அகப்படவில்லை. முடிவுகளைப் பார்த்துவிட்டு மருத்துவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வேலை எப்படிப் போகிறது?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதை என் மாணவனிடம் சொன்னேன். அவனைப் போல் கேட்டுக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

வயிறு பிசைவதற்குப் பெயர் உண்டு

மன அழுத்தம் என்ற சொல்லை இன்று எல்லாரும் பயன்படுத்துகிறோம். அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹான்ஸ் செல்யே. கனடாவின் மான்ட்ரியல் நகரில் எலிகளை வைத்து ஆராய்ந்த அவர், 1936ல் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதம் வெளியிட்டார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும், மருந்துகளை ஊசிவழி செலுத்தினாலும் அவற்றின் உடலுக்குள் ஒரே மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன. அட்ரினல் சுரப்பிகள் பெருத்தன. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. வயிற்றில் புண் வந்தது. தாக்குவது எதுவாக இருந்தாலும் உடல் ஒரே வகையில் பதில் சொல்கிறது என்பது செல்யேயின் முடிவு.

அந்தப் பதில் எப்படிப் போகிறது? மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் முதலில் சைகை கொடுக்கிறது. பட்டாணி அளவுள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி இரத்தத்தில் அனுப்புகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை கூடுகிறது. அதே வேளையில் நரம்பு மண்டலம் இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கிறது, செரிமானத்தை ஒத்திப்போடுகிறது. நாய் துரத்தும்போது இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் ஆபத்து விலகினால் எல்லாம் பழையபடி அடங்கிவிடும். துரத்துவது வேலை அட்டவணை என்றால், அது ஞாயிறு மாலையிலேயே தொடங்கிவிடுகிறது. அடங்குவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

இரவு வேலை இதில் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதுதான் நம் உடலின் தலைமைக் கடிகாரம். கண்ணில் விழும் ஒளியைக் கொண்டு அது தன் நேரத்தைத் திருத்திக்கொள்ளும். பழ ஈக்களை ஆராய்ந்து, இத்தகைய கடிகாரம் உயிரணுக்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ல் நோபெல் பரிசு கிடைத்தது.

விடியற்காலையில் கார்ட்டிசாலை உயர்த்தி நம்மை எழுப்புவதும் இந்தக் கடிகாரத்தின் வேலைதான். இரவு வேலை முடிந்து காலையில் படுக்கப் போகிறவரின் உடலில், எழுந்திருக்கச் சொல்லும் ஹார்மோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். திரைச்சீலையை எவ்வளவு இறுக்கி மூடினாலும் அந்தத் தூக்கம் பாதித் தூக்கம்தான். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவு வேலையைப் 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் 2007ல் சேர்த்தது. 2019ல் மறுஆய்வு செய்து அதையே உறுதிப்படுத்தியது.

சாங்கி விமான நிலையம் இரவிலும் இயங்குகிறது. 2024ல் 67.7 மில்லியன் பயணிகள் அதைப் பயன்படுத்தினார்கள். நாம் நள்ளிரவு விமானத்தில் ஏறி உறங்குவதற்காக, எங்கோ கீழே ஒருவர் விழித்திருக்கிறார். என் மாணவனும் அவர்களில் ஒருவன். அவன் சோம்பேறி இல்லை என்று சொல்ல எனக்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. ஆனால் வேலையை விடலாமா என்ற கேள்விக்கு இது பதில் ஆகாது.

அப்பாவின் வேலையும் என் வேலையும்

நான் முதன்முதலில் வேலையை விடும் பேச்சை எடுத்தபோது அப்பா சொன்னது இது: "வேலைன்னா அப்படித்தாம்மா இருக்கும். பழகிடும்." அவர் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். 30 ஆண்டுகளுக்கு மேல் வெயில், மழை, இரவு, பகல் எல்லாம் பார்த்தவர். அவரோடு ஒப்பிட்டால் குளிர்சாதன அறையில் கணினி முன் உட்கார்ந்திருந்த நான் எதற்காக வாட வேண்டும்? இந்தக் கேள்வி என்னை வெகுநாள் குற்ற உணர்வில் வைத்திருந்தது.

விடை எனக்கு லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் கிடைத்தது. அங்கே வைட்ஹால் பகுதி அரசாங்க அலுவலகங்களில் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்களை 1967 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவர்களுக்குத்தான் மாரடைப்பு அதிகம் வரும் என்பது அன்றைய பொதுவான நம்பிக்கை. கிடைத்த முடிவு நேர்மாறானது. உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிட, கடைநிலையில் இருந்த ஏவலர்களும் வாயிற்காப்பாளர்களும் இதய நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. புகைபிடித்தல், இரத்தக் கொதிப்பு போன்றவற்றைக் கழித்துப் பார்த்தும் இந்த வேறுபாட்டின் பெரும்பகுதி மறையவில்லை.

1985ல் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் பெண்களும் சேர்க்கப்பட்டனர். மைக்கேல் மார்மட் தலைமையில் 10,308 ஊழியர்கள் கவனிக்கப்பட்டார்கள். வேலையை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் செய்வது, எப்போது ஓய்வெடுப்பது என்று தாமே முடிவு செய்ய முடியாதவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது.

அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979லேயே இதை ஒரு கட்டப் படமாக வரைந்து காட்டியிருந்தார். ஒரு பக்கம் வேலைப்பளு; மறு பக்கம் முடிவெடுக்கும் உரிமை. பளு அதிகம், உரிமையும் அதிகம் என்றால் மனிதர் களைப்பார், ஆனால் வளர்வார். பளு அதிகம், உரிமை மட்டும் இல்லை என்றால் அந்த மூலையில்தான் நோய் குவிகிறது.

அப்பாவின் பாரந்தூக்கி அறையில் அவர்தான் ராஜா. காற்று வீசினால் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்வது அவர். எந்தப் பெட்டியை எப்படித் தூக்கினால் ஆடாது என்பது அவர் கைக்குத் தெரியும். அதில் யாரும் குறுக்கிடமாட்டார்கள். என் வேலையிலோ ஒவ்வொரு சரக்குச் சீட்டுக்கும் திரையில் விநாடிகள் ஓடின. கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் சிவப்பாக மாறும். அப்பா செய்தது என்னுடையதைவிடக் கடினமான வேலை. கராசெக்கின் படத்தில் அது வேறொரு கட்டத்தில் இருந்தது.

இதைச் சொல்வதால் எவ்வளவு நேரம் உழைத்தாலும் பரவாயில்லை என்று எண்ணிவிட வேண்டாம். வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும் இதய நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் 2021ல் அறிவித்தன.

இரண்டு ஊழியர்கள்

நம் அறிவியல் வரலாற்றிலேயே வேலையை விட்ட இருவர் இருக்கிறார்கள்.

சீனிவாச ராமானுஜன் 1912ல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணக்கு எழுதும் வேலை அவருடைய மேதைமைக்கு எவ்விதத்திலும் ஈடாகாது. ஆனால் அங்கே அவருக்கு மேலே இருந்த நாராயண ஐயர் தாமும் கணிதம் அறிந்தவர். கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்கு ஆதரவாக நின்றார். வேலை சலிப்பானதுதான், கணிதத்துக்கு அங்கே இடம் இருந்தது. 1913ல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தபோதுதான் அவர் அங்கிருந்து நகர்ந்தார்.

சர் சி. வி. ராமன் 1907ல் நிதித் துறைத் தேர்வில் தேறி, கல்கத்தாவில் உயர்ந்த அரசாங்கப் பதவியில் அமர்ந்தார். அந்த வேலையை அவர் திறம்படவே செய்தார். ஆனால் அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் இப்படியே நடந்தது. 1917ல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்ததும் அரசாங்க வேலையை விட்டார். சம்பளம் வெகுவாகக் குறைந்தது. 1928 பிப்ரவரி 28ல் ராமன் விளைவு. 1930ல் நோபெல் பரிசு.

ராமனின் கதையைத் துணிச்சலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது பத்து ஆண்டு ஆயத்தம். குதித்த இடத்தில் தரை இருக்கிறதா என்று அவர் ஒவ்வொரு மாலையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் விட மனம் வருவதில்லை?

"மூணு வருஷம் இதுக்குன்னே படிச்சேன் டீச்சர்" என்றான் என் மாணவன். பலரையும் கட்டிப்போடுவது இந்த வாக்கியம்தான்.

1985ல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு நாடக அரங்கில் வேடிக்கையான சோதனை நடத்தினார்கள். பருவம் முழுவதற்குமான நுழைவுச்சீட்டை வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்பது குலுக்கல்போல் முடிவானது. நாடகங்கள் எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் பருவத்தின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். கொடுத்த காசு அவர்களை இழுத்துவந்தது.

விருந்துக்கடையில் வயிறு நிறைந்த பிறகும் "கட்டின காசுக்குச் சாப்பிடணும்" என்று இன்னொரு தட்டு எடுப்பது இதே மனம்தான். போன காசும் போன ஆண்டுகளும் நாம் இருந்தாலும் விலகினாலும் திரும்ப வரப்போவதில்லை. கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியவை இனி வரும் ஆண்டுகள் மட்டுமே.

இன்னொரு தடையும் உண்டு. டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979ல் காட்டியபடி, ஒரே அளவுள்ள லாபம் தரும் மகிழ்ச்சியைவிட நட்டம் தரும் வலி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. கையில் இருக்கும் சம்பளம் போய்விடும் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பக் கிடைக்கக்கூடிய தூக்கம் தெரிவதில்லை.

மூன்றாவதுதான் மிக ஆழமானது. 1967ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் நாய்களை வைத்துச் செய்த ஆய்வில், என்ன செய்தாலும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாத நிலையில் இருந்த நாய்களில் பல, பின்னர் தப்பிக்க வழி திறந்திருந்தபோதும் படுத்தே கிடந்தன. 'கற்றுக்கொண்ட இயலாமை' என்று இதற்குப் பெயர் வந்தது. நான் வியந்தது, அரை நூற்றாண்டு கழித்து 2016ல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் தாங்களே திருப்பிப் போட்டதைப் பார்த்துத்தான். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுப்போவது மூளையின் இயல்பான பதில். அதைக் கற்க வேண்டியதில்லை. 'என் செயலால் இதை மாற்ற முடியும்' என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுகிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி அதைக் கற்றுக்கொண்டதும், செயலிழக்கச் செய்யும் உட்பகுதியை அடக்கிவைக்கிறது என்று அவர்கள் எழுதினார்கள்.

துவண்டு கிடப்பவரை 'மனவலிமை இல்லாதவர்' என்று ஏசுவதில் பயனில்லை என்பது இதனால் தெரிகிறது. அவருக்குத் தேவை, சிறியதாக இருந்தாலும் தன் கையால் மாற்றிக் காட்டக்கூடிய ஒன்று.

விட்டவர்கள் என்ன ஆனார்கள்?

பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட் ஓர் இணையத்தளம் தொடங்கி, முடிவெடுக்கத் திணறுபவர்களை நாணயம் சுண்டச் சொன்னார். வேலையை விடுவதா என்பதும் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று. 20,000க்கும் மேற்பட்ட நாணயங்கள் சுண்டப்பட்டன. பெரிய முடிவுகளில் மாற்றத்தைத் தேர்ந்தவர்கள், ஆறு மாதம் கழித்து, பழைய நிலையிலேயே இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆனால் இதில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே மதில்மேல் பூனையாக இருந்தவர்கள். தன் வேலையில் நிறைவாக இருப்பவருக்கு இந்த முடிவு பொருந்தாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வெண்டி பாஸ்வெல் குழுவினர் 2005ல் வெளியிட்ட ஆய்வின்படி, வேலை மாறியவர்களின் மனநிறைவு முதலில் துள்ளி உயர்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. புதுமாப்பிள்ளை மோகம்போல. வேலையில்லாமல் இருப்பதும் மனத்தைக் காயப்படுத்துகிறது. ஜெர்மனியில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஓர் ஆய்வில், வேலை இழந்தவர்களின் மனநிறைவு, மறுபடி வேலை கிடைத்த பின்னும் முழுமையாகப் பழைய அளவுக்குத் திரும்பவில்லை.

அப்படியானால் எந்த வேலையாக இருந்தாலும் பற்றிக்கொள்ள வேண்டியதுதானா? ஆஸ்திரேலியாவில் 7,000க்கும் மேற்பட்டோரைக் கவனித்த பீட்டர் பட்டர்வொர்த் குழுவினரின் 2011ஆம் ஆண்டு ஆய்வு அதையும் சோதித்தது. வேலையின்மையிலிருந்து தரமான வேலைக்குப் போனவர்களின் மனநலம் மேம்பட்டது. பளு மிகுந்த, பிடிமானமற்ற, பாதுகாப்பில்லாத வேலைக்குப் போனவர்களின் மனநலம், வேலையில்லாமலே இருந்தவர்களைவிடவும் மோசமானது.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. விடுவது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எதிலிருந்து எதற்குப் போகிறோம் என்பதே கேள்வி.

மூன்று வாரக் குறிப்பேடு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நான் ஓயாமல் சொல்வது ஒன்று: ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று. வெப்பத்தையும் செறிவையும் சேர்த்து மாற்றினால், வினை வேகமானதற்கு எது காரணம் என்று தெரியாமல் போய்விடும். வேலையை விடுவது என்பது எல்லா மாறிகளையும் ஒரே நாளில் மாற்றுவது. அதற்கு முன் சிறிய சோதனைகள் சில செய்து பார்க்கலாம்.

என் மாணவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து நான்கு பத்திகள் போடச் சொன்னேன். எத்தனை மணி நேரம் தூங்கினாய். மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். இன்று அதிகம் வருத்தியது எது. இன்று வேலையில் நீயாக முடிவு செய்தது என்ன. மூன்று வாரம் எழுத வேண்டும். பிறகு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படித்தான் செய்தேன். முதலில் பகல் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். தூக்கம் திரும்பியது, ஞாயிறு மாலை வயிற்று வலி போகவில்லை. நான்காவது பத்தி நாள்கணக்கில் வெறுமையாகவே கிடந்தது. இரவு வேலை குற்றவாளி இல்லை, அந்த வேலையேதான் என்பது அப்போதுதான் புரிந்தது. ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்தேன். வார இறுதியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். அதன் பிறகுதான் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்து, தேசிய கல்விக் கழகத்தில் பட்டயப் பயிற்சிக்குப் போனேன்.

இப்போதும் களைப்பு உண்டு. திருத்த வேண்டிய தாள்கள் மேசையில் குவிந்தே கிடக்கின்றன. ஆனால் ஒரு பாடத்தை எங்கே தொடங்குவது என்பது என் கையில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வேலையால் வரும் உளச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் வரையறுத்தது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், திறன் குறைந்ததாகத் தோன்றுதல். இது நோய் அல்ல, வேலை சார்ந்த நிலை என்றும் அது குறிப்பிட்டது. ஆனால் விடுமுறையிலும் துயரம் விலகவில்லை, பிடித்தவை எதிலும் நாட்டமில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்போது முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. பதவி விலகல் கடிதம் காத்திருக்கலாம். சிங்கப்பூரில் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

சட்டம் தரும் இடம், தராத இடம்

சோதனை செய்து பார்க்கச் சிங்கப்பூரில் இப்போது கொஞ்சம் வழி இருக்கிறது. 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கும் முத்தரப்பு வழிகாட்டிகளின்படி, தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர் நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை முறைப்படி எழுதிக் கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் கேட்பதற்கு முறை இருக்கிறது.

விடுவதென்று முடிவானால் முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். முன்னறிவிப்புக் காலம் அதில் இல்லையென்றால் வேலை நியமனச் சட்டம் வரையறுக்கும் காலம் பொருந்தும். 26 வாரம் முதல் இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஒரு வாரம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் இரண்டு வாரம். அதற்கு மேல் நான்கு வாரம். ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை தரும் அரசாங்க வேலை தேடும் ஆதரவுத் திட்டம், தம் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. தாமாக விலகுபவர்கள் அதை நம்பியிருக்க முடியாது. 40 வயதை எட்டிய குடிமக்கள், 2024 மே மாதம் முதல் வழங்கப்படும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிறப்புத்தொகையைப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, கேம்பல் லேன் நடைபாதையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் தம்பிகளைப் பார்ப்பேன். முகவருக்குக் கொடுத்த கடன் தீரும்வரை அவர்களில் பலருக்கு இந்தக் கட்டுரையின் தலைப்பே ஓர் ஆடம்பரம். வேலை அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டிருக்கிறது. கட்டுமானம் போன்ற துறைகளில், அனுமதி முடிவதற்கு 40 முதல் 21 நாள்களுக்கு முன்பான காலத்தில், முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாற விதி உண்டு. ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு இடையில் மூன்று வாரக் கதவு. கராசெக்கின் படத்தில் மிக இருண்ட மூலையில் நிற்பவர்கள் யார் என்று கேட்டால் நான் அந்த நடைபாதையைத்தான் காட்டுவேன். அந்தத் தம்பிகளில் யாராவது உங்களுக்குத் தெரிந்தவர் என்றால், இந்த 40, 21 என்ற இரு எண்களை அவருக்குச் சொல்லிவையுங்கள்.

குறிப்பேடு திரும்பி வந்தது

சென்ற வாரம் என் மாணவன் தன் குறிப்பேட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். முதல் மூன்று வாரம் தூக்கம் நான்கு மணி, நான்கரை மணி. மனநிலைக்கு மதிப்பெண் மூன்று. நான்காவது பத்தியில் பெரும்பாலும் கோடுதான். பிறகு எழுத்துமூலம் விண்ணப்பித்து, ஐந்து வாரம் கழித்து, பாதி நாள்களுக்குப் பகல் வேலை வாங்கியிருக்கிறான். தூக்கம் ஆறு மணி நேரத்தைத் தாண்டியிருக்கிறது; மதிப்பெண் ஆறு.

நான் தேடியது நான்காவது பத்தியை. ஒரு நாளில் இப்படி எழுதியிருந்தான்: 'புதுசா வந்த அண்ணனுக்குப் பெட்டி அடுக்கச் சொல்லிக்கொடுத்தேன், என் முறையில.'

ஒரே குறிப்பேட்டு முறை என்னை வெளியே அனுப்பியது. அவனை இப்போதைக்கு உள்ளே இருக்க வைத்திருக்கிறது. இரண்டும் சரியான விடைகள்தான், ஏனென்றால் மாறிகள் வேறு. படங்களுக்குக் கீழே ஒரு குரல்பதிவும் இருந்தது. பின்னணியில் ஏதோ ஒரு விமானத்தின் இரைச்சல்.

"வேலைய விடல டீச்சர். மார்ச் மாசம் மறுபடி குறிப்பேட்டப் பார்ப்பேன். ஆனா இப்ப விடணும்னா விட முடியும்னு தெரியுது. அது தெரிஞ்சதுலயே தூக்கம் வருது."